கோடிக்கரை மான்கள் யாருக்குப் பயந்து ஓடுகின்றன?

வேதாரண்யத்தைத் தாண்டியதும் சாலையோரம் எங்கும் உப்புதான். பாத்தி பாத்தியாக உப்பளம், வரப்போரத்தில் கூம்பு கூம்பாகக் குவித்து மூடிவைத்த உப்பு, வெயிலில் கண் கூசும் வெள்ளை. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளியது இந்தப் பக்கத்தில்தான். அகஸ்தியம்பள்ளியில் அதற்கொரு நினைவுத் தூண் இருக்கிறது. பேருந்து அங்கே நிதானிக்கவில்லை, நானும் இறங்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் மான் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம்.

கோடிக்கரை என்றால் நம்மில் பலருக்குக் கல்கியின் நாவலில் வரும் பூங்குழலிதான் முதலில் ஞாபகம் வருவாள். கல்கி எழுதிய காடும் சதுப்பும் இன்றும் இருக்கின்றன. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் மிச்சம் மட்டும் 2004 ஆழிப்பேரலையில் விழுந்துவிட்டது. வரைபடத்தில் பார்த்தால், தெற்கு நோக்கி வந்துகொண்டிருக்கும் சோழமண்டலக் கரை சட்டென்று மேற்கே மடங்குகிற மூக்கு நுனி இது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. நிலம் அப்படியே தட்டை. இராமர் பாதம் இருக்கும் மணல் மேடுதான் இந்தப் பக்கத்திலேயே உயரமான இடம். அதுவும் கடல் மட்டத்திலிருந்து நாலு மீட்டர் அளவுதான். அதன் மேல் ஏறி நின்றால், ஏதோ மலையுச்சியில் நிற்பதுபோல நாலாபுறமும் தெரியும்.

இந்தத் தட்டையான நிலத்தை நம்பித்தான் வெளிமான் பிழைக்கிறது. அதற்காகவே 1967இல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002இல் சுற்றியுள்ள சதுப்பையும் சேர்த்து ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது. மான் என்கிறோமே தவிர, உறவுமுறை பார்த்தால் இது ஆடு மாட்டுக் குடும்பம். புள்ளிமானின் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். வெளிமானின் கொம்பு விழாது, முறுக்கு முறுக்காக மேலே போய்க்கொண்டே இருக்கும்.

வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிவிட்டு, கூடவே ஒரு காவலரையும் அழைத்துக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டியவர், இந்தப் பக்கத்துக்காரர், செருப்பை விட வெறுங்காலை அதிகம் நம்புகிறவர். மாசி மாதம். மழைக்காலத்துப் பசுமை இன்னும் முழுக்கக் காயவில்லை. வண்டிப் பாதையை விட்டு இறங்கியதும் எதிரே பெரிய புல்வெளி. அதன் நடுவில் ஒரு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது.

“கிட்டப் போகலாமாண்ணே?” என்றேன்.

“எவ்வளவு கிட்டங்கிறத அதுங்கதான் சார் முடிவு பண்ணும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் மெல்ல நடந்தோம். ஓரத்தில் மேய்ந்த ஒரு பெட்டை முதலில் தலையை நிமிர்த்தியது. வாயில் கவ்விய புல் அப்படியே தொங்க, காது இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின. நாங்கள் நின்றோம். அது மறுபடி குனிந்தது. ஆனால் அதற்குள் நாலைந்து தள்ளி இன்னொன்று நிமிர்ந்தது. அது குனிந்தால் மற்றொன்று. மந்தை முழுக்க மேய்கிறது, ஆனால் எந்த நேரத்திலும் ஒரு தலையாவது மேலே இருக்கிறது. யாரும் முறை போட்டுக் கொடுக்கவில்லை. தனியாக மேயும் மான் இப்படி நிம்மதியாகக் குனிய முடியாது. கூட்டம் பெரிதாக ஆக, ஒவ்வொன்றின் பங்குக்கு வரும் காவல் நேரம் குறைகிறது, வயிற்றுக்குள் போகும் புல் கூடுகிறது.

குனிந்திருக்கும்போதும் அவற்றுக்குக் கண் தெரியாமல் போவதில்லை. ஆட்டின் கண்ணை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவிலுள்ள கருப்பு நமக்குப்போல வட்டமாக இருக்காது, படுக்கைவாட்டில் நீண்ட கோடாக இருக்கும். தலை குனிந்தால் கண் குழிக்குள்ளேயே விழி சுழன்று, அந்தக் கோடு தரைக்கு இணையாகவே நிற்கும். கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருப்பதால், புல்லில் வாய் இருக்கும்போதே அடிவானம் ஏறக்குறைய முழுவதும் பார்வைக்குள் இருக்கிறது. வேட்டையாடும் பூனைக்கோ விழி நெடுக்குக் கோடு, முகத்தின் முன்பக்கம். பாய வேண்டிய தூரத்தை அளக்க அதற்கு அது போதும்.

மந்தைக்கு அப்பால் கருத்த கிடா ஒன்று தனியாக நின்றது. முதுகும் விலாவும் ஏறக்குறையக் கருப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பு முதுகில் படும்படி சாய்த்து, காலைத் தட்டித் தட்டி நடந்தது. அது நிற்கும் இடத்தில் புழுக்கைக் குவியல் ஒன்று. தினம் அதே இடத்தில் போட்டுப் போட்டு உருவாக்கிய எல்லைக்கல் அது. காய்ந்த புல்வெளியில் இப்படியொரு கருப்பு உடம்பு அரை மைலுக்குத் தெரியும். தற்காப்பு என்று பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் பெட்டைகளின் கண்ணிலும் எதிரிக் கிடாவின் கண்ணிலும் படாமல் பிள்ளை பெற முடியாதே! உயிர் பிழைப்பதும் வாரிசு விடுவதும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை.

நான் இன்னும் இரண்டடி வைத்திருப்பேன். ஒரு பெட்டை நின்ற இடத்திலேயே செங்குத்தாக எம்பியது. நாலு காலும் ஒன்றாகத் தரையை விட்டு, முதுகு வளைந்து, ஆள் உயரத்துக்கு. விழுந்ததும் மறுபடி ஒரு எம்பல். அடுத்த நொடி மந்தை முழுக்க எம்பி எம்பி ஓடி, பிறகு எம்புவதை நிறுத்திவிட்டு நேர்கோட்டில் பறந்தது. வெளிமான் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடும் என்று படித்திருக்கிறேன். எண்ணாகப் படிப்பது வேறு. குளம்புச் சத்தம் நின்று காதில் காற்று மட்டும் மிஞ்சியபோது அவை வெளியின் அந்தக் கோடியில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஓட வேண்டிய நேரத்தில் எதற்கு இந்தத் துள்ளல்? துள்ளும்போது முன்னே போகும் வேகம் குறையத்தானே செய்யும்? செரெங்கெட்டியில் தாம்சன் சிறுமான்களை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். காட்டுநாய்க் கூட்டம் துரத்தும்போது, குறைவாகத் துள்ளுகிற மானைத்தான் நாய்கள் தேர்ந்தெடுத்து விரட்டுகின்றன என்று 1988இல் வெளியான ஆய்வு சொன்னது. சிவிங்கிப்புலியும் அப்படித்தான், துள்ளும் மானைக் கண்டால் வேட்டையைக் கைவிட்டுத் திரும்புவது அதிகம். ஆக, துள்ளல் என்பது எதிரியிடம் பேசும் பேச்சு. “உன்னைப் பார்த்துவிட்டேன். இப்படி வீணடிக்கவும் என்னிடம் தெம்பு இருக்கிறது. வேறு யாரையாவது பார்.” நோயாளி மானால் இந்தப் பொய்யைச் சொல்ல முடியாது, அதனால்தான் அதற்கு மதிப்பு. எங்கள் இருவருக்கும் அந்தச் சேதி நன்றாகவே புரிந்தது.

ஆனால் 80 கிலோமீட்டர் வேகம் யாருக்காக? கோடிக்கரையில் வெளிமானுக்கு இருக்கும் இயற்கையான பகை நரி மட்டும்தான். நரியால் வளர்ந்த மானை ஒன்றும் செய்ய முடியாது. குட்டியைத்தான் தேடும். குட்டியின் தற்காப்பு ஓட்டமே இல்லை. பிறந்த முதல் சில நாட்கள் புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடப்பதுதான். தாய் தள்ளி நின்று மேயும், பால் கொடுக்க மட்டும் வந்து போகும். ஓநாய் இருக்கும் வடக்கத்திப் புல்வெளிகளில் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும். அங்கேயும் இவ்வளவு வேகம் வேண்டியதில்லை.

இந்தத் துணைக்கண்டத்தில் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தது ஒன்றே ஒன்று, சிவிங்கிப்புலி. அதனால்தான் முகலாயர் அதைப் பழக்கி, கண்ணைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வெளிமான் மந்தையைக் கண்டதும் அவிழ்த்துவிட்டார்கள். அக்பரிடம் ஆயிரம் சிவிங்கிகள் இருந்ததாகச் சொல்வார்கள். பிடித்துவந்து பழக்கினார்களே தவிர, அடைத்து வைத்த இடத்தில் அது குட்டி போடுவது வெகு அபூர்வம். எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தப் பானையும் காலியாகும். 1947இல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்து அரசர் ஓரிரவில் மூன்றைச் சுட்டார். இந்தியாவில் கடைசியாக உறுதி செய்யப்பட்ட சிவிங்கிகள் அவைதான் என்று சொல்கிறார்கள். 1952இல் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் இறக்கியவை ஆப்பிரிக்க இனம்.

முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டதே, மான் ஏன் இன்னும் ஓடுகிறது என்று கேட்கலாம். முக்கால் நூற்றாண்டு நமக்குத்தான் பெரிது. வெளிமானுக்கு அது ஏறத்தாழ 20 தலைமுறை. எலும்பும் தசையும் அதற்குள் மாறிவிடாது. வட அமெரிக்கச் சமவெளியில் பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு உண்டு. அங்கே இப்போதிருக்கும் எந்த வேட்டை விலங்கையும்விட அது வெகு வேகமாக ஓடும். அதைத் துரத்திய அமெரிக்கச் சிவிங்கி அழிந்து சுமார் 12,000 ஆண்டுகள் ஆகின்றன. ஜான் பையர்ஸ் என்ற விலங்கியலாளர் அந்த மானைப் பற்றி 1997இல் ஒரு புத்தகமே எழுதினார். அதன் வேகமும் மந்தைப் பழக்கமும் செத்துப்போன எதிரிகளுக்காக உண்டானவை என்பது அவர் வாதம்.

இதையெல்லாம் கொஞ்சம் உற்சாகமாகவே காவலரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சிவிங்கியெல்லாம் நாம கண்டதில்ல சார். இங்க நாய்தான் தொல்ல. ஊர் நாய். அதுவும் வெட்டவெளியில தொரத்துச்சுன்னா மானு சிரிச்சுக்கிட்டே போயிரும். கருவேலங்காட்டுக்குள்ள மாட்டுனாதான் வெனை.”

அவர் கை காட்டிய திசையில் புல்வெளி முடிந்து சீமைக் கருவேலம் தொடங்கியது. நான் மானைப் பார்க்க வந்தவன். அந்தக் கையசைவுக்குப் பிறகு என் பார்வை மானைவிட அந்த முள்வேலி மீதே அதிகம் போனது.

சீமைக் கருவேலத்தின் பூர்வீகம் மெக்சிகோவும் தென் அமெரிக்காவும். 19ஆம் நூற்றாண்டில் விறகுக்கும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் இங்கே கொண்டுவந்தார்கள். அந்த நோக்கம் என்னவோ நிறைவேறித்தான் இருக்கிறது. ராமநாதபுரத்துப் பக்கம் இன்றும் பல வீடுகளில் அடுப்பு எரிவதும் கரி மூட்டம் புகைவதும் அதனால்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைக்கு வந்தது வீட்டைப் பிடித்துக்கொண்டது. உப்பு மண்ணும் அதற்குச் சரி, வறட்சியும் சரி. வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளையாகத் துளிர்க்கும்.

வெளிமானின் தற்காப்பு மூன்று: தூரத்திலேயே பார்ப்பது, கூட்டமாக இருப்பது, ஓடுவது. மூன்றுக்கும் திறந்த நிலம் வேண்டும். கருவேலம் நெருங்கிய இடத்தில் பத்தடிக்கு மேல் பார்வை போகாது. பெரிய மந்தை உடைந்து இரண்டும் மூன்றுமாகச் சிதறும், சிதறிய மான் குனிய முடியாமல் நிமிர்ந்தபடியே பட்டினி கிடக்கும். ஓட்டமோ, முள்ளுக்குள் என்ன ஓட்டம்? நீள முறுக்குக் கொம்பைத் தூக்கிக்கொண்டு கிடா அந்தப் புதருக்குள் நுழைவதை நினைத்துப் பாருங்கள். அந்த விலங்கின் உடம்பில் ஒரு மயிரும் குறையவில்லை, காலும் கண்ணும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அதன் ஆயுதம் முழுவதும் பிடுங்கப்பட்டுவிட்டது. தற்காப்பு மானின் உடம்பில் பாதிதான் இருக்கிறது, மீதிப் பாதி நிலத்தில் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

அப்படியானால் மரமே ஆகாதா என்றால், அப்படியும் இல்லை. கோடியக்காட்டில் குழகர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய காட்டுக்குள் பிற்பகலில் போனோம். கரையோர உலர் பசுமைக் காடு. பாலை மரங்கள் கடற்காற்றுக்கு வளைந்து குடைபிடித்து நிற்கின்றன. நாவல் உண்டு, உகாய் உண்டு. அந்த நிழலில் புள்ளிமான் நின்றது. நின்றது என்பது காவலர் சொல்லித்தான் தெரிந்தது. இலைச் சந்தில் விழும் வெயில் பொட்டுக்கும் அதன் முதுகுப் பொட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது எங்களைப் பார்த்துத் துள்ளவில்லை. காலைத் தரையில் ஒருமுறை உதைத்து, கீச்சென்று ஒரு குரல் கொடுத்து, இரண்டு எட்டில் மறைந்துபோனது. புள்ளிமானுக்குக் காடு கவசம், வெளிமானுக்கு அதே காடு பொறி. ‘வனவிலங்குக்கு மரம் நடுவோம்’ என்று சுவரில் எழுதுகிறவர்கள் எந்த விலங்குக்கு என்றும் எழுதினால் தேவலை.

நம் வருவாய்த்துறைக் கணக்கில் புல்வெளிக்குத் தனிப் பெயர் கிடைப்பதே அபூர்வம். தரிசு, புறம்போக்கு, மேய்ச்சல் என்று ஏதாவது ஒன்றில் போய் ஒதுங்கிவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் வரி தராத நிலமெல்லாம் வீண் நிலம் என்று எழுதத் தொடங்கியது, இன்று வரைக்கும் நாடு தழுவிய தரிசு நில வரைபடத்தில் புதரும் புல்லுமான வெளிகள் இடம்பிடிக்கின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் அதில் எதையாவது செய்தே தீர வேண்டும் என்று கை அரிக்கும். மரம் நடுவோம், தொழிற்பேட்டை வைப்போம், சூரிய மின்தகடு பரப்புவோம். காட்டை வெட்டினால் செய்தியாகிறது. புல்வெளியில் மரம் நட்டால் கைதட்டல் கிடைக்கிறது. சென்னை கிண்டியிலேயே இந்தக் கூத்தைப் பார்க்கலாம். மரம் அடர அடர, அங்குள்ள வெளிமான்கள் மிச்சமிருக்கும் திறந்த திட்டுகளில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன.

மாலையில் சதுப்புப் பக்கம் நடந்தோம். பூநாரைகள் தொலைவில் வெளிறிய ரோஜாக் கோடாக நின்றன. எனக்கு அவற்றைவிடப் பிடித்தது சேற்றில் குடுகுடுவென்று ஓடிய கொசு உள்ளான்கள். கைப்பிடிக்குள் அடங்கும் பறவை, வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் தரையில் முட்டையிட்டுவிட்டு இங்கே வந்து குளிர்காலம் கழிக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் கோடிக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விட்டதால்தான் இந்தப் போக்குவரவெல்லாம் தெரியவந்தது. பறவையியலாளர் சாலிம் அலி இங்கே வந்து தங்கி வேலை பார்த்தவர்.

மேலே ஒரு பைரி வந்தது. மொத்தக் கூட்டமும் ஒரே விரிப்பாகக் கிளம்பி, வெள்ளை வயிறு ஒரு கணம், பழுப்பு முதுகு ஒரு கணம் என்று புரண்டு புரண்டு திரும்பியது. அதில் எதைக் குறிவைப்பது என்று பைரிக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டு முறை பாய்ந்துவிட்டு உப்பளப் பக்கம் போய்விட்டது. கரையோரத்தில் ஆட்காட்டி ஒன்று எங்களைக் கண்டு கத்திக்கொண்டே வந்தது. முட்டை எங்கோ பக்கத்தில் வெறுந்தரையில் கிடந்திருக்க வேண்டும். மண்ணின் நிறத்தில் கருப்புப் புள்ளியோடு இருப்பதால் மிதித்தாலொழியத் தெரியாது. நல்லவேளை, காவலர் காலடியைப் பார்த்து நடக்கிறவர்.

திரும்பும் வழியில்தான் மட்டக்குதிரைகள் எதிர்ப்பட்டன. எப்போதோ வீட்டில் வளர்த்துக் கைவிடப்பட்டவற்றின் வாரிசுகள். பிடரி சிலுப்பிக்கொண்டு கடற்கரையில் அவை நிற்பதைப் பார்த்தால் படம் எடுக்காமல் இருக்க முடியாது, நானும் எடுத்தேன். காவலர் ஒரு குச்சியால் பாதையில் கிடந்த காய்ந்த குதிரைச் சாணத்தை உடைத்துக் காட்டினார். நாருக்கு நடுவே பழுப்பு நிறத்தில் விதைகள். ஒன்று, இரண்டு என்று அவர் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போனார். ஒரு உருண்டையில் இத்தனையா என்று இருந்தது. சீமைக் கருவேலக் காய் இனிப்பு. குதிரை ஆசையாகத் தின்னும். விதையின் கெட்டித் தோல் வயிற்றுக்குள் ஊறி இளகி, வெளியே வரும்போது எருவோடு சேர்த்து முளைக்கத் தயாராக விழும். ஆடு மாடும் இதைச் செய்யும். ஆனால் குதிரைகள் இரவு பகலாகச் சரணாலயத்தின் உள்ளேயே, வெளிமான் மேயும் அதே புல்வெளியில் மேய்ந்து அங்கேயே சாணம் போடுகின்றன. புல்லுக்கும் போட்டி, நிலத்துக்கும் போட்டி.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரையேறியது. மான்களும் குதிரைகளும் செத்து ஒதுங்கின, பழைய மரங்கள் சாய்ந்தன. விழுந்த காடு தலையெடுக்குமுன் கருவேலம் தலையெடுத்துவிடும் என்பதுதான் இங்கே எல்லாருடைய கவலையும். தமிழக அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இங்கும் இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கிய இடங்களைக் காவலர் காட்டினார். சில இடத்தில் புல் திரும்பியிருந்தது, மான் புழுக்கையும் கிடந்தது. சில இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கருவேலங்கன்று மறுபடி நின்றது. ஒருமுறை பிடுங்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால் தீர்கிற வேலை இல்லை. மண்ணுக்குள் விதை காத்திருக்கிறது, மேலே குதிரை புதிதாக விதைத்துக்கொண்டே இருக்கிறது.

“குதிரைகளை அப்புறப்படுத்திவிட்டால்?” என்று கேட்டேன்.

“பேசிக்கிட்டுதான் சார் இருக்காங்க. பிடிச்சு எங்க கொண்டுபோயி விடுறது? தீனி யாரு போடுறது? வர்றவங்கள்ல பாதிப் பேரு எறங்குன ஒடனே குதிரை எங்கன்னுதான் கேக்குறாங்க. மானு ரெண்டாவதுதான்.” குச்சியை வீசிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். “ஐப்பசி மழை விட்டதும் வாங்க. மண்ணு எளகியிருக்கும், கன்னு கையோட வரும். ஆளுக்கு நூறு பிடுங்கலாம். படம் அப்புறம் எடுத்துக்கலாம்.”